சர்வர் ஹார்ட் டிஸ்க் போயிருச்சா, போகப்போகுதா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் தோட்டத்து ஒபிஸ், ஸ்கூல், பார்மசி, டியூஷன் கிளாஸ்னு சின்னச் சின்ன சர்வர் பாத்துக்குறதுதான் என் வேல. போன்ல வர்ற சந்தேகம் முக்காவாசி ஒண்ணேதான், கேக்குற ஆள்தான் வேற. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்ட காஞ்சு போனதால இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

சேர், சர்வர் ஹார்ட் டிஸ்க்னா தனி சாமானா? வீட்டு கம்பியூட்டர்ல இருக்கிறதுதானே அது?

உள்ளுக்குள்ள ஒரே சங்கதிதான். சுத்துற தட்டு, தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உசரத்துல மிதக்குற ஹெட்டு, ஒரு மோட்டார், அடியில ஒரு போர்ட். தலமுடி ஒண்ணு அந்த இடைவெளியோட பாத்தா பெரிய மரம் மாதிரி. வித்தியாசம் எங்கன்னா, சர்வர் டிஸ்க்க ராப்பகலா ஓடுறதுக்கும், பக்கத்துல சுத்துற மத்த டிஸ்க்கோட அதிர்வ தாங்குறதுக்கும் செஞ்சிருப்பாங்க.

ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வீட்டுல நாளைக்கு நாலு மணி நேரம் கம்பியூட்டர் போடுறவருக்கு அது ஆறு வருஷத்து ஓட்டம். அதனால "ரெண்டு வருஷம்தானே சேர் ஆச்சு"ன்னு சர்வர் டிஸ்க்குக்கு வயசு சொல்லாதீங்க.

டிஸ்க் சாகப்போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஏதாவது அடையாளம் இருக்கா?

மொத அடையாளம் மந்தம். செக்ரோல் (தோட்டத்து ஆளுங்க பேர், சம்பளக் கணக்கு) புரோகிராம் திறக்க நேத்து வரைக்கும் பத்து செக்கன், இன்னைக்கு ரெண்டு நிமிஷம், நடுவுல ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நின்னு திரும்ப ஓடும். எல்லாரும் நெட்டத்தான் திட்டுவாங்க. உண்மையில டிஸ்க் ஒரு கெட்டுப்போன இடத்த வாசிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கும், அது முடியிற வரைக்கும் பின்னால வர்ற வேலையெல்லாம் கியூவுல நிக்கும்.

ரெண்டாவது, லொக், அதாவது சர்வர் தானே எழுதி வைக்கிற பதிவு. விண்டோஸ்னா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பகுதிய பாருங்க: 7 வந்தா கெட்ட பிளொக், 153 வந்தா ஒரு வேலைய திரும்பச் செய்ய வேண்டியதாப் போச்சு, 129 வந்தா டிஸ்க் பதில் சொல்லாம ரீசெட் பண்ணியிருக்கு. லினக்ஸ்னா டிமெசேஜ் கொமாண்டு காட்டுற லொக்ல 'ஐஓ எரர்', 'மீடியம் எரர்'னு வரிசையா வரும், சிலநேரம் ஃபைல் சிஸ்டம் தானாவே ரீட் ஒன்லிக்குப் போயிரும், அதாவது வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

மூணாவது ஸ்மார்ட். டிஸ்க் தன்னைப் பத்தி தானே எழுதி வைக்கிற குறிப்பு அது. நிறைய வரி இருக்கும், பயந்துறாதீங்க, நான் மொதல்ல பாக்குறது நாலுதான்: 5, 187, 197, 198. 197ங்கிறது 'இந்த இடத்த வாசிக்க முடியல, என்ன செய்யன்னு இன்னும் முடிவு பண்ணல'ன்னு நிக்கிற செக்டர், அதாவது டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்னத் துண்டு. 5ங்கிறது கைவிட்டுட்டு ஸ்பெயார் இடத்துக்கு மாத்தின செக்டர். 187ம் 198ம் டிஸ்க்கால திருத்தவே முடியாமப் போன பிழைங்க. நம்பர் எவ்வளவுங்கிறத விட அது ஏறுதாங்கிறதுதான் விஷயம். 5ல எட்டுன்னு இருந்து ரெண்டு வருஷமா எட்டாவே நிக்கிற டிஸ்க் ஒண்ணு என் கையில ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதே எட்டு ஒரு கிழமைக்குள்ள இருபத்தஞ்சாகி தொண்ணூறாச்சுன்னா அன்னைக்கே புது டிஸ்க்குக்கு சொல்லிருவேன்.

ஸ்மார்ட் பாத்தேன், 'பாஸ்ட்'னு காட்டுது. அப்ப டிஸ்க் நல்லாத்தானே இருக்கு?

ஓ.எல் பரீட்சையில ஆகக் கீழான பாஸ் எஸ்தான், எஸ் எடுத்த புள்ளையும் பாஸ்தான். அந்த மாதிரி பாஸ்னு வச்சுக்கங்க. கம்பெனி போட்ட எல்லைக்குக் கீழ எதுவும் விழலங்கிறதுதான் அதுக்கு அர்த்தம், அந்த எல்லையும் ரொம்ப தாராளமா போட்டது. 'பாஸ்ட்'னு காட்டிக்கிட்டே 197ல நூத்துக்கணக்கில வச்சிருந்த டிஸ்க்கயெல்லாம் பாத்திருக்கேன். நாலு வரியையும் நீங்களே பாருங்க.

நாலும் பூச்சியமா இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. கூகுள்காரங்க 2007ல ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்க வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. அதுல செத்த டிஸ்க்குகள்ல பாதிக்கும் மேல, 56 வீதம், அவங்க முக்கியம்னு எடுத்த நாலு ஸ்மார்ட் அடையாளத்துல எதையுமே காட்டாம செத்திருக்கு. அதே ஆய்வுல, மொத ஸ்கேன் பிழை (தன் தட்ட தானே வாசிச்சுப் பாக்கையில வர்ற பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளைக்குள்ள சாகுற வாய்ப்பு மத்ததவிட 39 மடங்குன்னும் இருக்கு. ஆக ஸ்மார்ட் கத்தினா நம்புங்க, சும்மா இருந்தா நம்பாதீங்க.

இன்னொண்ணு. ரெயிட்ங்கிறது பல டிஸ்க்க ஒண்ணா சேத்து, ஒண்ணு போனாலும் வேல நிக்காம ஓட வைக்கிற முறை. அத நடத்துற ரெயிட் கார்டுக்குப் பின்னால இருக்கிற டிஸ்க் நேரா கண்ணுல படாது. ஸ்மார்ட்சிடிஎல் கொமாண்டுல கார்ட் வகையையும் டிஸ்க் நம்பரையும் சேத்துக் குடுத்தாத்தான் உள்ள இருக்கிறத காட்டும். நிறைய பேர் கார்ட் காட்டுற ஒரே ஒரு பொய் டிஸ்க்க பாத்துட்டு 'ஸ்மார்ட்டே இல்ல சேர்'ங்கிறாங்க.

அண்ணே, உள்ள டிக் டிக்னு சத்தம் வருது. ஒருக்கா ஓஃப் பண்ணி ஒன் பண்ணா சரியாகுமா?

ஓஃப் பண்ணுங்க. ஒன் பண்ணாதீங்க. பல்லி சொல்ற மாதிரி ஒரே தாளத்துல டிக், டிக், டிக், பிறகு சுத்து நின்னு திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சா, ஹெட்டு தன் இடத்த கண்டுபிடிக்க முடியாம போய்ப் போய் வருதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவ ஒன் பண்ணும்போதும் அது தட்ட உரசலாம், உரசின இடத்துல இருக்கிற டேட்டாவ பிறகு கடவுளாலயும் எடுக்க முடியாது. பெக்கப் இல்லாத டிஸ்க்னா கிளீன் ரூம் வச்சிருக்கிற ரிகவரி ஆளுங்ககிட்ட கொண்டு போறதுதான் வழி.

எப்பவாவது ஒருக்கா வர்ற ஒத்த டிக், சும்மா இருக்கையில ஹெட்டு ஓரத்துக்குப் போய் உக்கார்ற சத்தமா இருக்கலாம், அதுக்கெல்லாம் போன் பண்ணாதீங்க.

டிஸ்க்க ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா ஒருக்கா வேல செய்யுமாமே?

வேணாம். வெளிய எடுத்ததும் தண்ணி கோத்து நிக்கும், அந்த ஈரத்தோட சுத்த விட்டா முன்ன சொன்ன உரசல்தான் நடக்கும். அரிசி மூட்டையும் வேணாம்.

மலை உசரத்துல காத்து குறைவு, அதனால டிஸ்க் சீக்கிரம் போகும்னு ஒருத்தர் சொன்னார். இந்தக் குளிருக்கும் மிஸ்ட்டுக்கும் வேற என்னாகும்?

உசரத்துக்கு பயப்பட வேணாம். ஹெட்டு காத்துலதான் மிதக்குது, காத்து மெலிஞ்சா ஹெட்டு தாழும், அதெல்லாம் உண்மதான். ஆனா பெரும்பாலான டிஸ்க்க சுமார் 3,000 மீட்டர் வரைக்கும் ஓடுற மாதிரி செஞ்சிருக்காங்க. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், பிதுருதலாகல உச்சியே 2,524 மீட்டர்தான். ஹீலியம் அடைச்ச பெரிய டிஸ்க்குகளுக்கு இந்தக் கவலையே கிடையாது, அது முழுக்க சீல்.

பிரச்சின குளிர் இல்ல, வியர்வை. ஒரு தோட்டத்து ஒபிஸ்ல சர்வர் இருந்த மேசைக்குப் பக்கத்துலயே கேத்தல். விடிய ஆறு மணிக்கு வந்து தேத்தண்ணிக்குக் கொதிக்க வைப்பாங்க, அந்த ஆவி ராப்பூரா குளிர்ல ஓஃபாக் கிடந்த பெட்டியில பட்டு தகரத்துக்கு மேல முத்து முத்தா நிக்கும், அதத் துடைக்கக்கூட இல்லாம சுவிட்ச போட்டிருவாங்க. போர்ட்ல இருந்த கனெக்டர் பச்ச புடிச்சுப் போயிருந்துச்சு. டிஸ்க்னாலே ஈரப்பதம் தாங்கும், தண்ணி தாங்காது. சர்வர ஓஃப் பண்ணாம ஓட விடுறதே நல்லது, அதோட சொந்தச் சூட்டுல காஞ்சே இருக்கும். கொழும்புல இருந்து ராத்திரி பஸ்ல கொண்டு வந்த டிஸ்க்க பெட்டிய பிரிச்ச ஒடனே மாட்டாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் ரூம்ல கிடக்கட்டும்.

ஸ்டோர்ல, அதாவது தேயில ஃபெக்டரியில, சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. ரோலர் ஓடுற அதிர்வு தரை வழியா வரும், தேயிலத் தூசியும் பஞ்சும் ஃபேன அடைக்கும். டிஸ்க் சூடு 194ஆவது வரியில இருக்கும். முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு டிகிரிக்குள்ள இருந்தா சந்தோஷம், ஐம்பதத் தாண்டினா மொதல்ல ஃபேன பாருங்க.

பின்னேரம் இடி இடிச்சு கரண்ட் போய்ப் போய் வருது. அதுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு, நம்ம பக்கம் நிறையவே இருக்கு. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பகல் ரெண்டு மணிக்கு மேல வானம் கறுத்தா நான் போன கையிலயே வச்சுக்குவேன். கரண்ட் ஒரேயடியா போறதவிட, போய் ரெண்டு செக்கன்ல வந்து திரும்பப் போறதுதான் கெடுதி. மோட்டார் சுத்த ஆரம்பிக்கையிலதான் கூட கரண்ட் இழுக்கும், அந்த நேரத்துல வெட்டி வெட்டி விட்டா பவர் சப்ளையும் அடி வாங்கும் டிஸ்க்கும் அடி வாங்கும். எழுதிக்கிட்டு இருக்கையில போச்சுன்னா டிஸ்க் நல்லா இருக்கும், உள்ள இருக்கிற டேட்டாபேஸ் கிழிஞ்சிரும். ரெயிட் 5ல (ஒரு டிஸ்க் போனா மட்டும் தாங்குற வகை) இது இன்னும் மோசம், பாதி டிஸ்க்ல புதுசும் பாதியில பழசுமா நின்னுரும். ரெயிட் கார்ட்ல ஒரு பெட்டரி இருக்கிறது அதுக்குத்தான், அந்தப் பெட்டரி செத்து வருஷக்கணக்காகியும் பாக்காத இடம் எத்தனையோ.

யூபிஎஸ் வாங்கினா மட்டும் போதாது. யூஎஸ்பி வயர சர்வர்ல சொருகி, பெட்டரி குறைஞ்சா தானா ஒழுங்கா ஓஃப் ஆகுற மாதிரி செட் பண்ணணும். 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில குரங்கு பட்டு நாடு முழுக்க கரண்ட் போச்சே, அன்னைக்கு பத்து நிமிஷம் தாங்குற யூபிஎஸ் எல்லாம் பத்து நிமிஷம்தான் தாங்குச்சு, அதுக்குப் பிறகு வயர் சொருகாத சர்வர் எல்லாம் பொத்துன்னு விழுந்துச்சு. லேன் வயர் வழியாவும் இடி வரும், ரவுட்டர்ல இருந்து வர்ற வயரயும் கழட்டிருங்க.

சர்வர்ல ஒரு டிஸ்க்குக்கு ஆரஞ்சு லைட் எரியுது, ஆனா எல்லாம் வேல செய்யுது. அடுத்த மாசம் காசு வந்து மாத்தினா போதாதா?

போதாது. ரெயிட்ல ஒண்ணு போயும் வேல செய்யுதுன்னா அது ஸ்பெயார் டயர்ல ஓடுற வான் மாதிரி. ரம்பொடை வளைவுல அந்த ஸ்பெயாரும் வெடிச்சா என்ன செய்வீங்க? லைட்ட கண்ட அன்னைக்கே மொதல்ல பெக்கப் எடுங்க, எடுத்த பெக்கப் திறக்குதான்னு பாருங்க, பிறகு டிஸ்க்குக்கு அலையுங்க. ஹட்டன் டவுன்ல சர்வர் டிஸ்க் எல்லா நேரமும் கிடைக்காது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரைக்கும் யாராவது போய் வரணும், அதுலயே ரெண்டு நாள் போயிரும். அதனாலதான் ஒரு ஸ்பெயார் டிஸ்க்க அலுமாரியில வாங்கி வைக்கச் சொல்லி எல்லார்கிட்டயும் கத்துறேன்.

நாலு டிஸ்க் இருக்கு, எத கழட்டணும்னு எப்படித் தெரியும்? மேல இருந்து எண்ணினா சரியா?

எண்ணி நான் பட்ட பாடு போதும். ரெயிட் 5, நாலு டிஸ்க், சொஃப்ட்வெயார் 'டிஸ்க் 2 போச்சு'ன்னுச்சு. நான் மேல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி ரெண்டாவத இழுத்தேன். அது பூச்சியத்துல இருந்து எண்ணுது. நான் இழுத்தது நல்ல டிஸ்க். கெட்டது ஏற்கனவே வெளிய, நல்லது ஒண்ணு என் கையில இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, அந்தச் சுத்தல் உள்ளங்கையில தெரியுது, ஸ்கிரீன்ல எல்லாம் நின்னு போச்சு. கிளாக்கர் பின்னால நின்னு "என்னா தம்பி ஆச்சு"ங்கிறார். கடைசியா வெளிய வந்த அந்த டிஸ்க்கயே திரும்பச் சொருகி, அரேய (ரெயிட்ல சேந்திருக்கிற டிஸ்க் கூட்டத்த) கட்டாயப்படுத்தி ஒண்ணு சேத்து, ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

அதுக்குப் பிறகு சீரியல் நம்பர் பாக்காம கை வைக்கிறதில்ல. ஸ்மார்ட்ல சீரியல் நம்பர் வரும், அத எழுதிக்கங்க. லொகேட் லைட் இருக்கிற சர்வர்னா அத ஒன் பண்ணி மினுக்க விடுங்க. இல்லாட்டி, எல்லாம் ஒழுங்கா இருக்கிற ஒரு நாள்ல சர்வர ஓஃப் பண்ணி, ஒவ்வொரு டிரேயிலயும் சீரியலோட கடைசி நாலு எழுத்த ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டி வச்சிருங்க.

ரெயிட் இருக்கையில தனியா பெக்கப் எதுக்கு?

நீங்க அழிச்ச ஃபைல ரெயிட் ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல ஒழுங்கா அழிக்கும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான், இடி விழுந்து பெட்டியே கருகினாலும் அப்படித்தான். ரெயிட் வேல நிக்காம இருக்க, பெக்கப் டேட்டா போகாம இருக்க. மூணு கொப்பி, ரெண்டு வகை சாமான்ல, ஒண்ணு வேற கட்டடத்துல.

புது டிஸ்க் போட்டு ரீபில்ட் ஆகும்போது இன்னொண்ணும் போச்சு சேர். என் நேரமா இது?

கொஞ்சம் நேரம், நிறைய கணக்கு. நாலும் ஒரே நாள், ஒரே கடை, ஒரே பெட்டியில வாங்கினது, ஒரே சூட்டுல ஒரே அளவு ஓடினது, அப்ப சாகுறதும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும். இதுக்கு உச்சம் 2019 நவம்பர்ல சர்வர் கம்பெனி எச்பிஇ அறிவிச்ச ஒரு எஸ்எஸ்டி (தட்டு சுத்தாத, சிப்ல எழுதுற டிஸ்க்) கோளாறு: ஃபேர்ம்வெயார், அதாவது டிஸ்க்குக்குள்ள ஓடுற புரோகிராம், பிழையால சில மொடல் சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துரும், அதாவது மூணு வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒண்ணா போட்ட எல்லாம் ஒண்ணாவே போகும், ரெயிட் என்ன செய்யும் பாவம். முன்கூட்டியே ஃபேர்ம்வெயார் போட்டவங்க தப்பிச்சாங்க.

மத்தது, ரீபில்ட்ங்கிறது புது டிஸ்க்க நிரப்புறதுக்கு மிச்ச டிஸ்க் எல்லாத்தையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிக்கிற வேல. 4 டெராபைட்ட செக்கனுக்கு 150 மெகாபைட்ல வாசிச்சாலே ஏழரை மணி நேரம், ஒபிஸ் வேலையும் நடந்தா ஒரு நாளத் தாண்டும். வருஷக்கணக்கா யாரும் தொடாத மூலையில ஒரு கெட்ட செக்டர் இருந்தா அது அன்னைக்குத்தான் கண்ணுல படும். சாதாரண டிஸ்க் ஷீட்ல சுமாரா 12.5 டெராபைட்டுக்கு ஒரு வாசிக்க முடியாத பிழை வரலாம்னு போட்டிருப்பாங்க, நடப்புல அவ்வளவு மோசமில்ல, ஆனா நாலு 4 டெராபைட் போட்ட ரெயிட் 5ல ரீபில்டுக்கு வாசிக்க வேண்டியதே 12 டெராபைட். அதனாலதான் மாசம் ஒருக்கா ஸ்க்ரப், அதாவது முழு அரேயையும் வாசிச்சுப் பாக்குற வேலைய சனிக்கிழம ராத்திரி போட்டு வைக்கச் சொல்றேன். பெரிய டிஸ்க்னா ரெயிட் 6 (ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்) இல்லாட்டி 10க்கு (ஜோடி ஜோடியா கொப்பி வைக்கும்) போங்க. ரீபில்டுக்கு முன்னாடி பெக்கப், அது ஆரஞ்சு லைட் கேள்வியிலயே சொல்லிட்டேன்.

புது டிஸ்க் மாத்தியும் அதே பிழை வருது. புதுசும் பழுதா?

199ஆவது வரிய பாருங்க. அது ஏறினா டிஸ்க் பாவம் ஒண்ணும் செய்யல, வயர்லயோ டிஸ்க் சொருகுற பின்பலகையிலயோதான் கோளாறு. வயர மாத்துங்க. பழைய நம்பர் குறையாது, ஏறாம நின்னா சரி. டிஸ்க்க வேற சொருகுக்கு மாத்திப் பாருங்க: பிழை டிஸ்க்கோட போனா டிஸ்க், அதே சொருகுல நின்னா பலகை. ரெண்டு மூணு டிஸ்க் ஒரே நிமிஷத்துல காணாமப் போனா எதையும் மாத்தாதீங்க, பவர் சப்ளைய பாருங்க. டிஸ்க்னு நெனச்சு மூணு வாங்கி கடைசியில சாட்டா வயர் ஒண்ணுல முடிஞ்ச கத என்கிட்டயே இருக்கு.

சர்வர் டிஸ்க் விலை தாங்கல. டெஸ்க்டொப் டிஸ்க்க போடலாமா?

ஓடும். ஆனா ரெயிட்ல ரெண்டு ஆபத்து. டெஸ்க்டொப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டர நிமிஷக்கணக்கா முட்டிக்கிட்டு நிக்கும், ரெயிட் டிஸ்க் 7 செக்கன்ல விட்டுட்டு 'முடியல, நீ மத்த டிஸ்க்ல இருந்து எடுத்துக்க'ன்னு சொல்லிரும். லினக்ஸ் சாதாரணமா 30 செக்கன்தான் பொறுக்கும். அதுக்குள்ள பதில் வராட்டி டிஸ்க்க ரீசெட் பண்ணும், கடைசியில உசுரோட இருக்கிற டிஸ்க்க செத்ததா நெனச்சு வெளிய தள்ளிரும்.

ரெண்டாவது எஸ்எம்ஆர். கூரைத் தகரம் மாதிரி தடத்துக்கு மேல தடம் ஏத்தி எழுதுற வகை, ரீபில்ட்ல உயிர வாங்கும். நாஸ்க்குன்னு (நெட்வேர்க்ல எல்லாரும் ஃபைல் வைக்கிற பெட்டிக்குன்னு) வித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட்ல 2ல இருந்து 6 டெராபைட் வரைக்கும் சில மொடல் இந்த வகைதான்னு 2020லதான் வெளிய வந்துச்சு. மொடல் நம்பர் பாத்து சிஎம்ஆரான்னு (தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகையான்னு) கேட்டு வாங்குங்க.

பிழை வந்ததும் செக் டிஸ்க் ஓட விட்டேன். நல்லதுதானே?

ஐயோ. செக் டிஸ்க்கும் எஃப்எஸ்சிகேயும் ஃபைல் சிஸ்டத்த திருத்துற சாமான், சாகக் கிடக்குற டிஸ்க்க திருத்தாது. சாகக் கிடக்குறதுல எழுத விட்டா வாசிக்க முடியாத ஃபைல் எல்லாத்தையும் குப்பைன்னு முடிவு பண்ணி வெட்டி எறிஞ்சிரும். டிஸ்க் செத்துப் போன டேட்டாவ விட, செத்ததுக்குப் பிறகு நம்ம கை போய் அழிச்ச டேட்டாதான் நான் பாத்ததுல அதிகம்.

மொதல்ல டிடிரெஸ்க்யூங்கிற கொப்பி எடுக்குற புரோகிராம் வச்சு முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜ் எடுங்க. அது நல்ல பகுதிய மொத சுருட்டி எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியாத்தான் வரும். எது வரைக்கும் எடுத்தாச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் ஒண்ணு குடுக்கணும், அத மறந்தா நடுவுல கரண்ட் போனா மொதல்ல இருந்து. பிறகு அந்தக் கொப்பியில எத வேணும்னாலும் ஓட விடுங்க.

எஸ்எஸ்டி போட்டா இந்தத் தொல்லையே இல்லதானே?

சத்தமில்லாம சாகும், அதுதான் வித்தியாசம். நேத்து இருந்துச்சு, இன்னைக்கு பயோஸ்ல பேரே இல்ல. ஆயுள் வீதத்த ஸ்மார்ட்ல பாக்கலாம், ஆனா பெரும்பாலும் தேஞ்சு சாகுறதுக்கு முன்னாடி கொண்ட்ரோலர்தான் போகுது. ட்ரிம் (அழிச்ச ஃபைலோட இடத்த காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற வேல) ஓடின எஸ்எஸ்டியில அழிச்ச ஃபைல திரும்ப எடுக்குறதும் நடக்காது. சர்வருக்குன்னா கரண்ட் போறப்ப தாங்குற கப்பாசிட்டர் உள்ள மொடலா பாருங்க.

சர்வர் ஒன் பண்ணா 'ஃபாரின் கொன்ஃபிக்'னு கேக்குது, இம்போர்ட்டா கிளியரா? பயமா இருக்கு.

பயம் நல்லது. டிஸ்க்ல எழுதியிருக்கிற ரெயிட் கணக்கும் கார்ட்ல இருக்கிற கணக்கும் ஒத்துப் போகலன்னு சொல்லுது. கிளியர் குடுத்தா டிஸ்க்ல இருக்கிற கணக்கு போயிரும், பிறகு ஆள் பயத்துல எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கிற 'இனிஷியலைஸ்'ஸ அமுக்குவார், அதோட கத முடிஞ்சுது. எல்லா டிஸ்க்கும் அதனதன் இடத்துல இருக்கா பாத்துட்டு, ஸ்கிரீன போட்டோ எடுத்துட்டு, இம்போர்ட்டுக்கு முன்னாடி இருக்கிற ப்ரிவியூவ பாருங்க. பல நாளைக்கு முன்னாடியே வெளிய போன பழைய டிஸ்க் ஒண்ணு அதுல கலந்திருந்தா அத கழட்டிட்டுத்தான் இம்போர்ட். சந்தேகம்னா எதையும் அமுக்காம போன் பண்ணுங்க.

செத்த டிஸ்க்க வொரண்டிக்குக் குடுத்தா உள்ள இருக்கிற சம்பள விவரம் எல்லாம் போகாதா?

போகலாம். டிஸ்க் செத்திருந்தாலும் தட்டு செத்திருக்காது. கொஞ்சமாவது ஓடுற டிஸ்க்னா முழுக்க ஒருக்கா பூச்சியம் எழுதிட்டுக் குடுங்க, எழுத முடியாத இடத்துல இருக்கிறது அப்படியே கிடக்கும்ங்கிறதயும் மனசுல வச்சுக்கங்க. ஓடவே ஓடாதுன்னா, உள்ள இருக்கிறது புது டிஸ்க் விலைய விட பெருசான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஐடி நம்பரும் பேங்க் நம்பரும் இருக்கிற டிஸ்க்க நான் வொரண்டிக்கு அனுப்புறதில்ல, ட்ரில் வச்சு தட்டு வரைக்கும் மூணு ஓட்ட போட்டுருவேன். கண்ணாடித் தட்டு உள்ள டிஸ்க் சிலது பொடிப்பொடியா செதறும், கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கிட்டு செய்யுங்க.